பதினோராவது சீட்டு

"ஏப்பா தமிழரசு, கரண்டு போனா ஆர்டருமா போவும்?"

புதுச்சத்திரம் முட்டைக் கம்பெனி முதலாளி சின்னராஜ் கேட்டதில் தப்பே இல்லை. கடைக்காரர்கள் போனில் போடும் ஆர்டர்கள் ஆபீஸிலிருக்கும் குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகச் சீட்டு அச்சாகி லாரிக்குப் போகும். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தமிழரசு போட்டிருந்த மெசேஜ் கியூ என்கிற வரிசை சாஃப்ட்வேரோ எல்லாவற்றையும் மெமரியில் மட்டும் வைத்திருந்தது. கரண்டு போனதும் நாமகிரிப்பேட்டை ஆர்டர் அத்தனையும் சுத்தம்.

"இன்னொரு ஆர்டர் தொலஞ்சுது, நீ ஊட்டுக்குப் போயிரலாம்."

வேலை போனால் ஓமலூர் சுகன்யாவைப் பெண் கேட்க எந்த மூஞ்சியோடு போவது? வேலை இருக்கும்போதே, ஆறு மாசமாக அவளோடு பஸ்ஸில் பேசிச் சிரித்தும், கேட்கத் தைரியம் வராத சூரன் அவன்.

பெரிய கம்பெனிகளுக்கான கியூ ஒன்றை ஏற்றினான். ஆர்டர் பத்திரம்தான். பெட்டி பாவம், மூச்சு வாங்கியது. முதல் சீட்டு வருவதற்குள் டிரைவர் ஆண்டி மூன்று டீ குடித்துவிட்டார்.

"சார், முட்டை குஞ்சு பொரிச்சுருமுங்க!"

கடைசியில் சின்னதாக ஒன்று கிடைத்தது. வந்ததை உடனே டிஸ்கில் ஓர் எஸ்க்யூலைட் ஃபைலில் எழுதிவிடும். சீட்டு அச்சாகும்வரை அழிக்காது. பிரிண்டரை அணைத்துவிட்டு, சோதனைக்கு ஓர் ஆர்டர் அடித்தான். மனசில் இருந்ததுதானே விரலில் வரும்?

'சுகன்யா வீடு, மாரியம்மன் கோயில் எதிரில், ஓமலூர். நூறு ட்ரே. பெண்ணைக் கொடுத்தால் ஆயுசுக்கும் முட்டை இலவசம். இப்படிக்கு, தமிழரசு.'

பிளக்கைப் பிடுங்கினான், செருகினான். அட, அதற்குள் வந்து சேர்ந்த கடை ஆர்டர்களோடு அதுவும் அப்படியே நிற்கிறது!

"அண்ணா, பொழச்சுருச்சு!"

"போடு பிரிண்டர!" என்றார் சின்னராஜ். சீட்டுகள் சடசடவென்று விழுந்தன. ஆண்டி அள்ளிக்கொண்டு கிளம்பினார். ஆபீஸுக்கே ஜிலேபி வந்தது.

ஜிலேபியும் கையுமாகத் திரையைப் பார்த்தான் தமிழரசு. கடை ஆர்டர் பத்து. அச்சான சீட்டு பதினொன்று.

ஆண்டிக்கு இருபது தடவை அடித்தான். வண்டி ஓட்டும்போது மனுஷன் போனே எடுக்கமாட்டார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"ஓமலூர்ல சீட்டக் குடுத்துட்டீங்களாண்ணா?"

"குடுக்காம எறக்குவனுங்களா? பொண்ணோட அப்பா சத்தமாப் படிச்சாருங்க. தெருவே கேட்டுச்சு."

"ஐயோ! என்ன சொன்னாரு?"

"'எம்பொண்ணு ஆறு மாசமா இதத்தான சொல்லிக்கிட்டிருக்கறா. நாங்க சைவம், முட்டைய எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைய மட்டும் கொண்டாந்து எறக்குங்க'ன்னாருங்க."