குளத்துக்கு நான் போர்த்திய போர்வை

படித்தவள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. தக்க காரணம் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். பள்ளியில் தாவரவியல் நடத்தும் நான் பெருமாட்டி கிராமத்தில் எங்கள் சொந்தக் குளத்தையே மூடியது அப்படித்தான்.

தை மாதம் உடும்பஞ்சோலையில் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டியில் ஆப்பிரிக்கன் பாயல் ஒரு கைப்பிடி மிதந்தது. தண்ணீரில் படரும் அந்தச் செடி, மலைக்குளிரில் மாதக்கணக்காக அப்படியே கிடக்கிறது என்றாள். சாதுவான செடி என்று முடிவுகட்டி எடுத்து வந்தேன். கோடையில் எங்கள் குளத்துத் தண்ணீர் ஆவியாகாமல் மூடிவைக்கும் அல்லவா? (சூடு ஏறினால் செடி வேகமாக வளரும் என்று முந்தின வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன். அது பிள்ளைகளுக்கு நடத்தியது, எனக்கில்லை.)

“ஏம்புள்ள, இது பரவிராதா?” என்றார் கணவர்.

“ஏனுங்க, பாட்டனி படிச்சது நீங்களா நானா?”

பங்குனி வெயிலில் குளம் வெதுவெதுப்பானது. கைப்பிடிச் செடி கரைக்குக் கரை பரவியது. அதையும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்!

ஒரு காலை மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு முழுக்கப் பாயல். பாகற்பந்தலோ பூவும் பிஞ்சுமாக வாடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கணவர் நம்பியிருந்ததே அந்தப் பந்தலைத்தான்.

“போர்வ போத்தியுட்டியே கண்ணு, கொளம் குளுருதுன்னு உங்கிட்டச் சொல்லுச்சா?” என்றார் மாமியார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கரையில் நின்று சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கணவரும் இறங்கினார். மதியத்துக்குள் வால்வைச் சுற்றிச் சுத்தம் செய்து, பழைய கொசுவலையைக் கட்டிவிட்டேன். பந்தலுக்குத் தண்ணீர் பாய்ந்தபோது அழுதேவிட்டேன். மீதியை வாரிக் கரையில் காயப்போட இன்னும் பல நாள் ஆனது.

அதோடு விட்டேனா? இரண்டு வாளியில் சம அளவு பாயல் போட்டு வெயிலில் வைத்தேன். ஒன்றை மட்டும் ஈரச்சாக்கு சுற்றிக் குளிர வைத்தேன். சுற்றாத வாளி சீக்கிரமே நிரம்பியது, மற்றதில் மெல்லத்தான் பரவியது. என் பரிசோதனை என்பதால் சொல்லவில்லை, அருமையான பரிசோதனை.

வேளாண்மை அலுவலகமான கிருஷிபவனின் அதிகாரி அதைக் காட்ட விவசாயிகளை அழைத்து வந்தார். மாமியார் முந்திக்கொண்டார்.

“எங்க மருமக கண்டுபுடிச்சதுங்க. தண்ணி சூடாச்சுன்னா இந்தச் சனியன் பெருகுமுங்க.” ஒரு மூச்சு விட்டார். “கொளத்துல கொண்டாந்து போட்டதும் அவதானுங்க.”

இன்றும் எந்தக் கல்யாணத்திலும் இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார். முதலாவதற்கு மட்டும் நான் தலையாட்டுவேன்.