முக்கால் கிலோ துப்பாக்கி

நான் இதுவரை ஒரு துப்பாக்கியையும் கையால் தொட்டதில்லை. தீபாவளிக்கு வாங்குகிற கேப் துப்பாக்கியைக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று காதைப் பொத்திக்கொள்கிற ரகம். ஆனாலும் தண்டையார்பேட்டையில் இறங்கி, "துப்பாக்கி அண்ணாச்சி கடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஷேர் ஆட்டோக்காரர் என் மளிகைக் கடை வாசலில்தான் கொண்டுவந்து விடுவார். இந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் வராது.

எங்கள் தெருமுனையில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர் ராஜரத்தினம். என்னைப் போலவே தெற்கே இருந்து பிழைக்க வந்தவர். சிரிப்பைக்கூட அளந்து ஊற்றுகிற மனிதர். எங்கள் வட்டாரத்தில் தகரம் சேகர் என்று ஒருவன் இருந்தான். கடை கடையாக ஆள் அனுப்பி மாமூல் வாங்குவான். ராஜரத்தினம் மட்டும், "உழைச்சுத் திங்கச் சொல்லு" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சில நாளில், காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தவரைப் பின்னாலிருந்து வெட்டினார்கள். அன்று முழுக்க அந்த ஷட்டர் பாதியில் நின்றது. ஏற்றவும் ஆளில்லை, இறக்கவும் ஆளில்லை. கூட்டம் குனிந்து குனிந்து உள்ளே பார்த்தது. நானும் குனிந்து பார்த்தேன். எது எண்ணெய், எது ரத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

யாரோ இரண்டு பேர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள். சேகர் வழக்கம்போல டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்த வாரமே அவனுடைய ஆள் என் கடைக்கு வந்து, ஜாடியில் இருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"எண்ணெக் கடைக்காரு ரொம்பப் பேசிக்கினு இருந்தாரு. நீ பேசாத ஆளு அண்ணாச்சி. யோசிச்சு வையி, வரோம்."

பயம் வந்தால் சிலருக்குக் காய்ச்சல் வரும். எனக்கு யோசனை வந்தது. காய்ச்சலே வந்திருக்கலாம்.

அன்றிலிருந்து கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் செல்போனில் துப்பாக்கி வீடியோதான். பாக்கெட்டில் அடங்குகிற சின்னத் துப்பாக்கிகளாக வரிசையாக வைத்து, தற்காப்புக்கு எது தேவலை என்று ஒரு வெள்ளைக்காரர் விளக்குவார். அவர் பேச்சில் எனக்குப் பிடிபட்டவை குண்டு அளவைச் சொல்லும் எண்கள் மட்டும்: இருபத்திரண்டு, முப்பத்திரண்டு. சுட்டுக் காட்ட ஒரு பெரிய ஜெல்லிக் கட்டி வைத்திருந்தார். குண்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். (என் மனைவி செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "கடல்பாசியைச் சுடுததுக்கா இம்புட்டு நேரம் பாக்கிய?" என்றாள்.)

லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். பிறகு பாண்டியைக் கூட்டிக்கொண்டு ஊரின் அந்தப் பக்கம் இருந்த ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பாண்டி செல்வியின் தம்பி. கடையை என்னோடு சேர்ந்து நடத்துகிறவன். அவன் பொட்டலம் கட்டுகிற வேகத்தைப் பார்ப்பதற்கென்றே சில பேர் அரைக் கிலோ சர்க்கரை வாங்க வருவார்கள். சணலைச் சுற்றி, சுண்டி, அறுத்து நீட்டும்வரை அந்தக் கை கண்ணுக்கே தெரியாது.

துப்பாக்கிக் கடைக்காரர் பட்டுப்புடவைக் கடையில் இருக்கவேண்டிய பொறுமைசாலி. லைசென்ஸ் இல்லாமல் கையில் தரமாட்டேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"இது இருபத்திரண்டு சார். சின்னது. சத்தம் கம்மி, கையில உதைக்காது. வயசானவங்க விரும்பி வாங்குவாங்க."

பாண்டி என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"பக்கத்துல இருக்கிறது முப்பத்திரண்டு. கொஞ்சம் கனம். ஆனா தட்டையா இருக்கிறதால இடுப்புல துருத்தாது."

"அருவாளோட ஓடி வர்றவனை நிறுத்துமா?" என்று பாண்டி கேட்டான்.

"ரெண்டுமே சின்ன குண்டு சார். பட்ட உடனே விழுந்துடுவான்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதுவும், முதல்ல நீங்க எடுக்கணும். அப்புறம்தான் படுறதெல்லாம்."

அந்த நல்ல மனிதர் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டார். என் காதில் அது ஏறவில்லை. பலசரக்குக்காரன் கேட்கிற ஒரே கேள்வியைத்தான் நான் கேட்டேன்.

"எடை எவ்வளவு வரும்?"

அவர் தொழிலில் யாரும் அதை முதலில் கேட்டிருக்க மாட்டார்கள் போல. இருபத்திரண்டு அரைக் கிலோவுக்குள், முப்பத்திரண்டு குண்டெல்லாம் போட்டால் முக்கால் கிலோவை நெருங்கும் என்றார். அவ்வளவு போதும் எனக்கு.

எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய இரும்பு எடைக்கற்கள் கடையில் ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. அரைக் கிலோ கல்லை எடுத்தேன்: இருபத்திரண்டு. அரைக் கிலோவையும் இருநூறு கிராமையும் கைக்குட்டையில் சேர்த்து முடிந்தேன்: முப்பத்திரண்டு. நாள் முழுக்க இடுப்பில் வைத்துப் பார்ப்பது, எது தோதுப்படுகிறதோ அதையே வாங்குவது என்று முடிவு.

வீடியோக்காரருக்கு இடுப்பில் ஜீன்ஸ் இருந்தது. எனக்கு இடுப்பில் வயிறு இருந்தது. சட்டைப் பையில் போட்டால் அரைக் கிலோ, கறக்காத மாட்டின் மடி மாதிரி தொங்கியது. வேட்டி மடிப்பில் வைத்தால் வேட்டி கல்லோடு போகப் பார்த்தது. கடைசியில் என் பச்சை பெல்ட் கைகொடுத்தது. இருபத்திரண்டு அதன் பையிலேயே அடங்கிவிட்டது. முப்பத்திரண்டு அடங்காது, பெல்ட்டுக்கும் தொப்பைக்கும் நடுவில் செருகி, தொப்பையின் தயவில் நிறுத்தவேண்டும்.

பயிற்சியும் நடந்தது. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாண்டி துடைப்பத்தோடு ஓடி வருவான். அது என் மேல் படுவதற்குள் நான் கல்லை வெளியே எடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டில் முயன்றேன், துடைப்பம் தலையில் விழுந்தது. முப்பத்திரண்டில் முயன்றேன், தலையிலும் விழுந்தது, கல் கால் விரலிலும் விழுந்தது.

"அத்தான், நான் மெதுவாத்தான் வாரேன்" என்றான் பாண்டி பரிதாபமாக.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கால் விரல் கதை. கெடுத்தது என் வாய். என் கடை வாசலில் மீன்கூடையோடு உட்காருகிறவர் பாஞ்சாலி அக்கா. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இன்னா அண்ணாச்சி, ஒரு பக்கமா சாஞ்சிகினே நடக்கிற? இடுப்புல இன்னா கீது?"

எடைக்கல் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெல்லத் தட்டிக் காட்டி, "ஒரு பாதுகாப்புக்குத்தான் அக்கா" என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். (அவர் வாயைப் பொத்தவைத்த ஒரே மனிதன் இன்றுவரை நான்தான்.) ஆனால் மூடிய வாய் மதியத்துக்குள் திறந்துவிட்டது. காசிமேட்டிலிருந்து மீன் வருகிற வழியிலேயே செய்தி திரும்பிப் போனது. மறுநாள் முதல் எனக்கு ஒரு புது மரியாதை. டீ ஸ்ட்ராங்காக வந்தது. கடன் கேட்பவர்கள் "அண்ணாச்சி"க்குப் பின்னால் "சார்" சேர்த்தார்கள். நான் சாய்மானத்தைக் கொஞ்சம் கூட்டி நடந்தேன்.

பாண்டிக்கு மட்டும் முகம் சரியில்லை. "அத்தான், அது கல்லுதான்னு நாலு பேருகிட்ட சொல்லிருங்க. சேகர் காதுக்குப் போச்சுன்னா அவன் ஆளுவ சும்மா வர மாட்டானுவ. கத்தியோடதான் வருவானுவ."

"பயப்படட்டும்ல" என்றேன். நான் சொன்ன வார்த்தைகளில் திரும்பப் பிடுங்கி விழுங்கிவிடலாம் என்று நினைப்பது அது ஒன்றைத்தான்.

ராஜரத்தினத்தின் முப்பதாம் நாள் படையல் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் போயிருந்தோம், பாண்டியும் என்னோடு வந்திருந்தான். சுவரோரம் படம், குத்துவிளக்கு, இலையில் அவருக்குப் பிடித்த பலகாரம், பக்கத்தில் மடித்து வைத்த புது வேட்டி, முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் பூ. நான் அன்றைக்கு முப்பத்திரண்டைச் செருகியிருந்தேன்.

பகல் வெளிச்சத்தில், கையில் மாலையோடு, மூன்று ஆட்களுடன் தகரம் சேகர் உள்ளே வந்தான். அவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ராஜரத்தினத்தின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான். அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவன் திரும்பி, என் முகத்தை விட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தான். அவனுடைய ஆட்களும் என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து பூப் போடவேண்டியது என் முறை. குனிந்தேன். பயத்தில் மனிதனுக்கு முதலில் உள்ளே போவது வயிறு என்பதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. தொப்பையின் தயவு போனது. முடிச்சு வேட்டிக்குள்ளேயே வழுக்கி, பித்தளைத் தாம்பாளத்தின் மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"சுட்டுட்டான்டா!" என்று எவனோ கத்தினான். சேகருடைய ஆள் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தியை உருவிக்கொண்டு என் மேல் பாய்ந்தான். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. துடைப்பத்துக்கு நின்றது போலவே நின்றேன். குறுக்கே வந்தது பாண்டியின் கை.

கைக்குட்டை அவிழ்ந்து, இருநூறு கிராம் கல் உருண்டுகொண்டே போய்க் குத்துவிளக்கில் முட்டி நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சேகர் குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இன்னா அண்ணாச்சி, சாவு வூட்டுக்கு எட போட வந்தியா?"

அவன் ஆட்கள் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். பாண்டியின் புறங்கையிலிருந்து ரத்தம் பலகார இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜரத்தினத்தின் மனைவி எழுந்து, படத்துக்கு முன் வைத்த புது வேட்டியை உதறி, அவன் கையில் இறுக்கிச் சுற்றினார்.

"அவுகளுக்கு வச்சது. உனக்காவது உதவட்டும்யா."

அன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்தரும் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், பிறகு பிரித்து மறுபடியும் தைத்தார்கள். என் லைசென்ஸ் மனுவை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் வார்டுக்கே வந்துவிட்டார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கட்டிலில் கிடந்த பாண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு எடைக்கல்லையே இடுப்புல ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. உன்னை நம்பி எப்படிய்யா துப்பாக்கி குடுக்கிறது?"

பாண்டி, அந்த வலியிலும், பக்கென்று சிரித்துவிட்டான். அவன் சிரித்ததால்தான் செல்வி அன்றைக்கு என்னோடு வீட்டுக்கு வந்தாள். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாள்.

சேகர் கேட்டதைக் கொடுத்தேன். மறைத்தால் பாண்டி இதைப் படித்துவிட்டுத் திட்டுவான். ஒரு வருஷம் கழித்து எர்ணாவூர்ப் பக்கம் சேகரை அவன் கூட்டாளிகளே வெட்டிப் போட்டார்கள். அன்றைக்கும் எங்கள் தெருவில் ஷட்டர்கள் பாதி இறங்கின. எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். பசிகூட வரவில்லை.

பாண்டியின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியது மடங்கியதுதான், நிமிரவே இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நேராக நிற்கும், கட்டை விரல் மேலே நிற்கும். பொட்டலம் இப்போது நான் கட்டுகிறேன். கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவிழ்ந்துவிடும். அவன் கல்லாவில் உட்கார்ந்து, "அந்தத் துவரம்பருப்பை எடுங்க அத்தான்" என்று அலமாரியைக் கைகாட்டுவான். உடனே என் பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மாமா, சுட்டுராதீங்க!" என்று கத்துவார்கள். பாஞ்சாலி அக்காவும் மீன்கத்தியோடு கையைத் தூக்குவார். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். பாண்டி விரல் நுனியை ஊதிவிட்டு, "இருபத்திரெண்டா, முப்பத்திரெண்டா அத்தான்?" என்பான். கடையே சிரிக்கும்.

நானும் கையைத் தூக்குவேன். எல்லாரும் இறக்கிய பிறகும், கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருப்பேன்.