உள்ளேன் அக்கா

தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், கம்ப்யூட்டருக்கு வருகைப்பதிவு எடுக்கும் இன்னொரு பிறவி கிடைக்காது. மேலகரத்தில், டீக்கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயரே ‘உள்ளேன் அக்கா’தான்.

ஃபைலில் எதை அழிப்பதானாலும், அழியப்போகும் பெயர்களை முதலில் சத்தமாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் குரலை மாற்றி “உள்ளேன்” என்று பதிலும் அவரே சொல்லுவார். ஆண் பெயர் என்றால் கட்டைக்குரல். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருமுறை எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். திரும்பும்போது வேனை நகரவிடவில்லை அக்கா.

“ஒரு தல கூடுது.”

“கூடுனா என்னம்மா, கொறஞ்சாத்தான கவல?” என்றார் டிரைவர்.

“கூடுனாலும் கவலதான். கதவத் தொறங்க.”

கடைசி சீட்டில், புளியறைக்குப் போகவேண்டிய யாரோ ஒருவர் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

சிரித்த வாயை மூடவைத்தது ஒரு சாரல் நாள்.

ஒரு டயாலிசிஸ் மையத்தின் பட்டியல் எங்கள் பொறுப்பு. ஆளுக்கு ஏழெட்டு வரி. ‘தொடக்கம்’ என்று ஆரம்பித்து, பெயர், ஊர், நேரம் என்று போய் ‘முடிவு’ என்று முடியும். மறுநாள் வர முடியாதென்று சொன்னவர்களுக்கு நடுவில் ‘ரத்து’ என்றிருக்கும். அவர்களை மட்டும் அழித்து ஃபைலை அனுப்பிவிட வேண்டும். நான்கு மணி அடித்தால் மிச்சமிருப்பவர்களுக்குத் தானாக மெசேஜ் போகும். மெசேஜ் வராதவர்கள், நாளைக்கு நமக்கு இல்லை போல என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சிவகிரியில் இருக்கும் என் அப்பாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு தடவை தப்பினாலும் அவருக்கு மூச்சு முட்டிவிடும்.

மணி மூன்று ஐம்பது. கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. வேண்டிய வரிகளைத் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை அவசரமாக எழுதினேன்: ‘தொடக்கம்’ கண்டால் பிடி, ‘ரத்து’ வந்தபின் முதல் ‘முடிவு’ வரை எடு. கடைசி ‘முடிவு’ வரை பேராசையாக ஓடிவிடாதபடி கேள்விக்குறியும் மறக்காமல் போட்டேன். ரத்தானவர்கள் மூன்று பேர். சிக்கியதும் மூன்று துண்டு. கச்சிதம்! அழிக்க விரலை வைத்தேன்.

“ஏலே, கைய எடு!”

“யக்கா, யுபிஎஸ் சாவப்போவுது. வாசிக்க நேரமில்ல.”

“சாவட்டும். நகருலே.”

முதல் துண்டை விரித்தார். “தங்கராஜ்... உள்ளேன். செல்வி... உள்ளேன்.” அடுத்த பெயரில் குரல் இறங்கியது. “என்னலே இது, ஒரு துண்டுக்குள்ள இத்தன தல?”

“ஏம்மா, இன்னும் அஞ்சு நிமிசந்தான்!” என்று மேனேஜர் அலறினார்.

“ஆறுமுகம், சிவகிரி.”

இதற்குப் பதில்குரல் வரவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒங்கப்பால்லா?”

திரையை எட்டிப் பார்த்தேன். முதலில் கண்ட ‘தொடக்க’த்தைப் பிடித்த சனியன், ‘ரத்து’ எதிர்ப்படும்வரை வரவேண்டியவர்களையும் சேர்த்து வாரியிருக்கிறது.

“நடுவுல இன்னொரு தொடக்கம் வரப்படாதுன்னு நீ சொல்லவே இல்லையேலே.”

திட்டிக்கொண்டே திருத்தினார். மறுபடியும் மூன்று துண்டு. அப்போதும் விடவில்லை மகராசி. மூன்று பெயர், மூன்று “உள்ளேன்”. அழித்தார், அனுப்பினார். திரை அணைந்தது.

போய்ச் சேர்ந்ததா, இல்லையா? நான் கும்பிடாத சாமியில்லை. நான்கு மணி தாண்டி என் போன் அடித்தது. அப்பா.

“எய்யா, நாளைக்குக் காலைல ஆறு மணின்னு மெசேஜ் வந்துட்டு.”

அக்கா கட்டைக்குரலில், “ஆறுமுகம்... உள்ளேன்” என்றார். வெட்கத்தை விட்டு அழுதேன்.

இப்போது அக்காவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்பாவை நான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் நாளில் தவறாமல் போன் வரும். எடுத்ததும், “ஆறுமுகம்?” என்பார். நான் போனை அப்பாவிடம் நீட்டிவிடுவேன்.

“உள்ளேன் தாயி” என்பார் அப்பா.