ரோச் செய்த மக்ரோனி

"ஏளா பிளாரன்ஸ், மைதா கட்டி கட்டியா நிக்கி. இதுக்கு என்ன செய்யணும்?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீய? இன்னைக்கு அடுப்படிப் பக்கம் வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய?" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. பிளாரன்ஸ் விடிந்ததும் சீலா மீன் குழம்பை வைத்து இறக்கிவிட்டுக் கணவருக்கு அடுப்படியை ஒப்படைத்திருந்தாள்.

ரோச் இன்னும் வேகமாகக் கிண்டினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். இருபது டன் பெட்டியைச் சத்தமில்லாமல் லாரியில் உட்கார வைத்த கை அது. பாலில் கரைய மறுத்த மைதாவுக்கு அந்தக் கையின் மேல் எந்த மரியாதையும் இல்லை.

மணி ஒன்பது. பன்னிரண்டரைக்கு மகள் ஸ்டெபி வருகிறாள். கூடவே அவள் புருஷன் லிங்கராஜும் மாமியார் ஆறுமுகத்தாயும். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லிங்கராஜ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு இதே வாசலுக்கு வந்தான். ஆதிச்சநல்லூர்ப் பக்கம் நெல்லும் வாழையுமாக இருக்கிற குடும்பம். ரோச் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. "கிறிஸ்து வேதத்துல உள்ள பிள்ளைய வயக்காட்டுச் சேத்துல எறக்கவா வளத்தேன்?" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். ஆறுமுகத்தாய் கொண்டுவந்த வாழைச் சீப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மறுமாதம் ஸ்டெபி பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

கோபம் ஆறு மாதத்தில் தீர்ந்துபோனது. வெட்கம்தான் தீரவில்லை. அந்த அம்மாள் சீப்பைத் தூக்கிக்கொண்டு போன முதுகு கோவிலில் முழங்காலிடும்போதெல்லாம் எதிரே வந்து நின்றது. லிங்கராஜ் உப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ தொழில் செய்கிறான் என்று பிளாரன்ஸ் ஒருமுறை ஆரம்பித்தாள். என்ன தொழில் என்று கேட்கக்கூட முகமில்லாமல் எழுந்து போய்விட்டார்.

போன வாரம் மகளின் பிறந்தநாளுக்கு அவரே போன் செய்தார். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்க. ஒனக்குப் பிடிச்ச மக்ரோனிய நானே செஞ்சு வைக்கேன்" என்று வந்தது.

எப்போதோ ஒரு கப்பலின் சமையல்காரர் கொடுத்தனுப்பிய, சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனியைச் சின்ன வயதில் ஸ்டெபி டப்பாவோடு வழித்துத் தின்றாள். அது மட்டும் ரோச்சுக்கு நினைவிருந்தது. தனக்குச் செய்யத் தெரியாது என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கட்டியை உடைக்க மிக்ஸியில் ஊற்றினார். கொதிக்கிற சாஸ் மூடியைத் தூக்கி எறிந்தது. மேற்கூரையில் பாதி, சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தில் மீதி. சூசையப்பரின் தாடி வெள்ளையாகிவிட்டது.

"மன்னிச்சிரும் சாமி" என்று ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார். துடைத்துவிட்டு இறங்குவதற்குள் அடுப்பில் மக்ரோனி குழைந்து களியாகியிருந்தது.

இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துப் பச்சையாக அதன் மேல் கொட்டினார். "தண்ணிய இழுத்துக்கிடும்" என்று தனக்கே சமாதானம் சொன்னார். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளவில்லை. களிக்குள் கல் கிடக்கிற மாதிரிக் கிடந்தது.

எல்லாவற்றின் மேலும் சீஸைத் துருவிப் போட்டு மூடினார். சீஸ் உருகினால் யாருக்குத் தெரியப் போகிறது? பக்கத்து வீட்டு விஜிலா டீச்சரிடம் இரவல் வாங்கிய ஓவனை மிக்ஸி இருந்த அதே பிளக்கில் சொருகினார். 'டப்' என்றது. மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது.

"என்னங்க, டிவி அணைஞ்சிட்டு!"

"ஃபியூஸ் போயிட்டு. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடு."

"இனிகோ இப்ப ரெண்டாம் பூசையில இருப்பான். பீடத்துக்கு முன்னால போயி கூப்பிடவா?"

அலைபேசியில் தேடினார். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பை நிரப்பிச் சூடாக்கி, அதன் மேல் பாத்திரத்தை வைத்துச் சுடலாம் என்று ஒரு வீடியோவில் ஒருத்தி சொன்னாள். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? இரண்டு படி கல்லுப்பைக் கொட்டிக் காய வைத்தார். பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து மெதுவாக உள்ளே இறக்கினார். கிரேனிலிருந்து சரக்கு நழுவிய நாள் அவர் சர்வீஸில் ஒன்றுகூட இல்லை. அன்று நழுவியது. பாத்திரம் உப்புக்குள் கவிழ்ந்தது. அவசரமாக எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்.

பிளாரன்ஸ் வந்து ஒரு கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். அப்படியே வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"உப்பளத்துல வாரிப்போட்டுத் தின்ன மாதிரி இருக்கு. மீன் குழம்பு இருக்கு, சோறு இருக்கு. செய்ய வரலன்னு சொல்லிருங்க."

"அந்தம்மா முன்னாலயா? அன்னைக்கி அவங்க குடிக்கத் தண்ணி கூட நான் குடுக்கல பிளாரன்ஸ். இன்னைக்கி வாயில வைக்க முடியாதத வச்சிட்டு, வரலன்னு சொல்லவா?"

மணி பதினொன்றரை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பீச் ரோட்டுப் பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் மக்ரோனி இருந்தது. பொன்னிறத்தில், மேலே மொறுமொறுவென்று. கல்லாவில் இருந்த பேச்சிச்செல்வி, "சூடு பண்ணித் தரட்டா அண்ணாச்சி?" என்றாள்.

"வேண்டாம்மா. நாலு தட்டையும் குடு."

"வீட்டுல விசேஷமா?"

ரோச் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வாங்கிக்கொண்டு வந்தார். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இரண்டு தெரு சுற்றினார்.

வீட்டில் நான்கு தட்டையும் கழுவிய தன் பாத்திரத்தில் கவிழ்த்து, கரண்டியால் கொஞ்சம் கலைத்துவிட்டார். மிக நன்றாக இருந்தால் நம்ப மாட்டார்களே. வெறும் தட்டுகளை அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்தார்.

"சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமைதான்" என்றாள் பிளாரன்ஸ். "அது வரைக்கும் தாங்குவீயளா?"

வாசலில் பைக் சத்தமும் ஆட்டோ சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ஆறுமுகத்தாய் படியில் கால் வைக்காமல் நின்றாள். லிங்கராஜும் அம்மாவோடு கீழேயே நின்றான். ரோச் வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாங்க" என்றார். குரல் கிரேன் கேபினிலிருந்து கத்துகிற மாதிரி வந்தது. "எல்லாரும் உள்ள வாங்க."

சாப்பிட உட்கார்ந்ததும் மக்ரோனியைத் தானே பரிமாறினார். லிங்கராஜ் ஒரு வாய் எடுத்து வைத்தான். மெல்லுவது பாதியில் நின்றது. திரும்பி ஸ்டெபியைப் பார்த்தான். ஸ்டெபி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பெரிய இருமல் வந்தது.

"நல்லா இல்லையோ?" ரோச்சுக்கு வியர்த்தது.

"அருமையா இருக்கு மாமா" என்றான் லிங்கராஜ். "இன்னும் கொஞ்சம் வைங்க. மேல இந்த மொறுமொறுப்பு எப்பிடிக் கொண்டுவந்தீங்க?"

ரோச் வாசலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அது... ரஸ்க்."

"ரஸ்க்கா?"

"ஆமா. நொறுக்கித் தூவணும்."

"நல்ல யோசனை மாமா. எனக்குத் தோணவே இல்ல."

ஸ்டெபி மறுபடி இருமினாள். பிளாரன்ஸ் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

ஆறுமுகத்தாய் விரலால் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "சின்ன உள்ளியெல்லாம் கெடக்கே அண்ணாச்சி. இத யாரு உரிச்சா?"

அதில் சின்ன வெங்காயம் இருப்பதே ரோச்சுக்கு அப்போதுதான் தெரியும். "நாந்தான். விடியக்காலம் ஒக்காந்து உரிச்சேன். கண்ணு இன்னும் எரியுது."

"பாவம்" என்றாள் அவள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் ரசித்து ரசித்துச் சாப்பிடச் சாப்பிட ரோச்சுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அன்றைக்கு அவமானப்படுத்தினோம், இன்றைக்கு ஏமாற்றுகிறோம். இந்த மூன்று பேருக்கும் நம்மிடமிருந்து வேறு எதுவும் கிடைக்காதா?

அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. ஆனாலும் பேச்சு வந்துவிட்டது.

"அன்னைக்கி வாசல்ல நிறுத்தி வச்சு நான் பேசுனது தப்பு. வயக்காடு, சேறுன்னு சொன்னேன். ஒங்க ரெண்டு பேர்ட்டயும் மன்னிப்பு கேக்கேன். மூணு வருசமாச் சொல்லணும்னு இருந்தேன், தைரியம் வரல."

லிங்கராஜ் எச்சில் கையோடு எழுந்து, அவரைத் தொடவும் முடியாமல் நின்றான். "விடுங்க மாமா. ஒக்காருங்க. நீங்க இன்னும் சாப்பிடவே இல்ல."

அந்தச் சூட்டிலேயே மக்ரோனியைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்று ரோச் வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்டெபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். புறங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"எனக்காக இப்பிடிக் கையச் சுட்டு வச்சிருக்கீங்களேப்பா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அது சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இப்போது குடியிருக்கிற தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று லிங்கராஜ் இரண்டு தடவை சொன்னான். ஸ்டெபி பைக்கில் ஏறினாள். ஆட்டோ வரை ஆறுமுகத்தாயோடு நடந்த ரோச்சுக்கு நடை லேசாக இருந்தது. பெரிய பாவத்தை இறக்கியாயிற்று. சின்னதைச் சனிக்கிழமை சாமியாரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் ஆறுமுகத்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணெரிச்சல் கொறஞ்சுதா அண்ணாச்சி?"

"பரவால்ல. இப்ப தேவலாம்."

"எனக்குத்தான் நேத்தையில இருந்து இன்னும் எரியுது. பேக்கரிக்கெல்லாம் எம் மவன் செஞ்சு போடுத மக்ரோனிக்கு உள்ளி பூராவும் நாந்தானே உரிக்கேன்."