அறுபது வரைக்கும் பிரெஞ்சு

அன்னிக்கி எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. தராசுகிட்ட நின்னு எடையச் சத்தமா சொல்லணும். அவ்வளவுதான்!

அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து பறிக்கிறவங்கள வேலை வாங்குற சில்லறைக் கங்காணி நான். தொரை பங்களாவுக்கு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா விருந்தாளியா வந்திருந்தாங்க. யாரு அதிகமா கொழுந்து பறிக்கிறாங்களோ அவங்களுக்கு ஒரு கம்பளின்னு சொல்லிட்டாங்க. அந்தக் குளிர்ல கம்பளின்னா சும்மாவா? செல்லம்மாக்கா வீட்டுல புள்ளைங்க அத்தனைக்கும் ஒரே கம்பளி. விடியறதுக்கு முந்தியே அக்கா பறிக்க மலைக்கு ஓடிட்டாங்க.

சாயங்காலம் தராச தானே பாத்து, எடையத் தன் பாஷையிலயே சொல்லணும்னு அந்த அம்மாவுக்கு ஆசை. அதக் கேட்டுத் தமிழ்ல சொல்ல ஒரு ஆளு வேணும்னாரு தொரை. என் வாய் சும்மா இருந்துச்சா!

"எனக்குப் பிரெஞ்சு தெரியுங்க தொரை!"

பதுளையில ஒரு பிரெஞ்சுக்காரப் பாதர்கிட்ட அறுபது வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டேன். அதுக்குள்ள அவருக்கு மாத்தலாயிருச்சு. மிச்சத்தச் சமாளிச்சுக்கலாம்னு ஒரு தெனாவெட்டு.

மொத சாக்கு எம் பொண்டாட்டி ராசாத்தியோடது. "அம்பத்தஞ்சு!" சரியாச் சொல்லிட்டேன். நெஞ்சு நிமிந்துருச்சு.

அடுத்து மீனாச்சி. "சுவாசாந்த் தீஸ்"னாங்க அந்த அம்மா. சுவாசாந்த் அறுபது, தீஸ் பத்து. ரெண்டுமே தெரிஞ்சதாச்சே!

"அறுபது, பத்து!"

எங்க நிறுவையில மொதல்ல எடை, அடுத்து ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு. அதான் வழக்கம். கணக்கப்பிள்ளை பாட்டுக்கு, "கழிவு போக அம்பது"ன்னு எழுதிட்டாரு. பத்து ராத்தல் கழிவுக்கு ஒருத்தரும் அசரல. எங்க தோட்டத்துல அது சகஜம்.

கடைசியா செல்லம்மாக்கா. சாக்கத் தூக்கவே ரெண்டு ஆளு! "காத்ர் வேன்"னாங்க. காத்ர் நாலு, வேன் இருபது.

"நாலு, இருபது!"

கணக்கப்பிள்ளை பேனா நின்னுருச்சு. "நாலுல இருபது கழிச்சா... ஏ செல்லம்மா, நீதான் தோட்டத்துக்குப் பதினாறு ராத்தல் குடுக்கணும்!"

"என்னா கங்காணி இது! பொழுதன்னைக்கும் பறிச்சவ நானு கடன்காரியா? ஒங்க பொண்டாட்டிக்கு மட்டும் கழிவே இல்ல!"

அதுக்குள்ள, கணக்குல அம்பத்தஞ்சுதான் ஒசத்தின்னு, தொரை கம்பளிய ராசாத்தி தோள்ல போட்டுட்டாரு. செத்தேன்!

அந்த அம்மா பதறிப்போயி, அரகொற இங்கிலீசுல தொரைக்கு வெளக்குனாங்க. அவங்க ஊர்ல அந்தக் காலத்துல இருபது இருபதா எண்ணுவாங்களாம். கைவெரலக் காட்டி, கால்வெரலயும் காட்டுனாங்க. நாலு இருபதுன்னா எண்பது. அறுபது பத்துன்னா எழுபது.

தொரை என்பக்கம் திரும்புனாரு. "கங்காணி! நாலு இருபது எண்பது! மடையன்!"

செல்லம்மாக்கா விடல. "நேரா எண்பதுன்னு சொன்னா அந்த ஊருல வாயி சுளுக்கிக்குமாங்க?"

கம்பளி அவங்க தோளுக்குப் போச்சு. ராசாத்தி என்னைய மொறச்ச மொறப்புல எனக்குக் குளிரே தெரியல.

இப்பல்லாம் யாராச்சும் எனக்கு என்னென்ன பாஷை தெரியும்னு கேட்டா, தமிழே அறுபது வரைக்குந்தான்னு சொல்லிடுறது.