கதவு சாத்திய ஏற்காடு

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் சக்கரத்தை விட மேலானது கதவு. இந்த உண்மையை 1984-ஆம் ஆண்டுக் கோடையில் உலகுக்கு உணர்த்திய பெருமை ஏற்காட்டையே சேரும்.

அதுவரை மலையில் இரவுக்கு ஒழுங்கு கிடையாது. ஏரிக்கரை மேகராணி ஓட்டலின் ‘டிஸ்கோ’ அதிர்ந்த அதிர்ச்சியில் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையின் கோழிகள் முட்டையிட மறந்துவிட்டதாகப் புகார் வந்தது. ‘இரவு ஒழுங்குச் சிறப்பு அதிகாரி’யாகப் பெரியநாயகம் நியமிக்கப்பட்டார். அவர் மேகராணியிலேயே அமர்ந்து, வறுத்த முந்திரியோடு மூன்று மணி நேரம் ஆலோசித்து, ஒரே வரியில் ஆணையிட்டார்: ‘இரவு பத்து மணிக்கு எல்லாக் கடைகளின் கதவும் சாத்தியிருக்க வேண்டும்.’

அதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதும் திருப்பணி தற்காலிக எழுத்தர் ஐயாக்கண்ணுவுக்குக் கிடைத்தது. எதையும் இரண்டு முறை எழுதி மூன்று முறை அடிக்கும் பொறுப்பான பையன். முதல் இரவே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் அதிகாரி முன் நின்றான்.

“ஏனுங்க சார், ஓட்டலுக்குள்ளார ஆட்டம் நடக்குதுங்க.”

“கதவு?”

“சாத்தியிருக்குதுங்க.”

“அப்ப உள்ள நடக்கறத நீ எப்படிய்யா பாத்த?”

“பாக்கலீங்க. காதுல கேட்டுச்சுங்க.”

“ஆணையில காது எங்க இருக்கு, காட்டு.”

ஐயாக்கண்ணு ஆணையை இரண்டு முறை படித்தான். காது இல்லை.

பஸ் ஸ்டாண்டுப் பூவாயியின் டீக்கடையில்தான் சிக்கல். நாலு மூங்கில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய். ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு அவள் கடைசி பஸ்ஸில் மஞ்சக்குட்டைக்குப் போய்விடுவாள். பத்து மணிக்கு அங்கே ஈ கூட இருக்காது. ஆனால் கதவும் இருக்காது. பதிவேட்டில் இருந்ததோ இரண்டே கட்டங்கள்: ‘சாத்தியுள்ளது’, ‘சாத்தவில்லை’. அவன் பேனாவைக் கடித்துக் கடித்து, தொடர்ந்து மூன்று இரவும் இரண்டாவதையே நிரப்பினான். ஏழு நாளில் கடை அகற்றப்படும் என்று நோட்டீஸ் போனது. பூவாயிக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தக் கடைதான் சோறு.

“ஏஞ்சாமி, நாந்தான் ஒம்பதுக்கே ஊட்டுக்குப் போயர்றனே. அப்பறம் எதைச் சாத்தோணும்?”

“கதவைங்க்கா.”

“எங்கிட்ட ஏது கதவு?”

“அதானுங்க்கா குத்தம்.”

பூவாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ நொம்பப் படிச்சிருக்கற கண்ணு.”

ஏழாம் நாள் மாலை டீக்கடை முன் ஒரு வாடகை ஜீப்பில் பூவாயி வந்து இறங்கினாள். மேலே ஒரு கதவு. அவள் வீட்டுக் கதவேதான். நிலையோடு இறக்கி, முன்பக்க மூங்கில்கள் இரண்டுக்கும் நடுவே நிறுத்தினாள். சுவர் கிடையாது, கதவுக்கு இடப்பக்கம் ஓர் ஆடு நுழைந்து வலப்பக்கம் வெளியேறியது. ஒன்பது மணிக்கு முறைப்படி சாத்திப் பூட்டிச் சாவியை மடியில் செருகினாள்.

“அப்ப ஊட்டுக்குங்க்கா?”

“சாக்கு தொங்க உட்டிருக்கறன். ஊட்டுக்கு இன்னும் உங்க ஆபீசரு ஆணை போடலியே.”

பத்து மணிக்கு ஐயாக்கண்ணு ‘சாத்தியுள்ளது’ என்று எழுதினான். வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் அடிக்கவில்லை. நள்ளிரவோடு நோட்டீஸ் கெடு முடிகிறது. அதற்குள் பதிவேட்டில் அதிகாரி கையெழுத்திட்டால் கடை பிழைக்கும். அவர் விடுதிக்கு ஓடினான். ஐயா மேகராணிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கும் ஓடினான். கதவு சாத்தியிருந்தது. வாசலில் காவலாளி அம்மாசி.

“பத்தாயிருச்சு தம்பி. தெறக்கக் கூடாது. ஆணை.”

“ஆணை போட்டவரே உள்ளாரதானுங்க இருக்காரு. ஒரு கையெழுத்துங்க.”

“தெரியும். தெனமும் பத்தடிச்சா அவருதான் உள்ளாரயிருந்து தாப்பாப் போடறாரு.”

ஐயாக்கண்ணு நள்ளிரவு வரை தட்டினான். உள்ளே டிரம் ஓசையில் அது தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

சட்டம் ஏற்காட்டில் அத்தனை அக்கறையாக உள்ளிருந்தே காக்கப்பட்டது. வெளியே நின்று செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பூவாயியின் கடையைக் கதவோடு விடிந்ததும் பிடுங்கி முடித்தார்கள்.