ஒரே அடுப்பில் மூன்று வீடு

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. இங்கு நானும் தங்கள் அக்காவும் சுகம். வீட்டில் சுகமில்லாதது கேஸ் சிலிண்டர் ஒன்றுதான். அங்கு தாங்களும் மனைவி மக்களும் எல்லா நலனும் பெற்றிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போன மாதம் கேஸ், பெட்ரோல், டீசல் மூன்றுக்கும் ஒரே நாளில் விலை ஏறியதைத் தாங்களும் அறிவீர்கள். முப்பது வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு திருகி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைச் சமாளிப்பது என் பொறுப்பு என்று தீர்மானித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. முதலில் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்து சுவிட்சைப் போட்டேன். கட்டடம் முழுக்க ஃபியூஸ் போச்சு. மேல்வீட்டுத் தையல்காரம்மா பாதி தைத்த சட்டையோடு இறங்கி வந்தாங்க. மாடியில் காயும் துணியிலிருந்து தண்ணி சொட்டுற தகராறில், உங்க அக்காவோடு ஏழு வருஷமா பேச்சே இல்லாதவங்க. அன்னைக்கு அவங்க என்னைப் பேசினதை எழுதினா, தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கையால தொடமாட்டார். மறுநாள் மொட்டைமாடியில் மரத்தூள் அடுப்பு மூட்டினேன். கிளம்பின புகையைப் பார்த்து யாரோ போன் பண்ணி, தீயணைப்பு வண்டியே வந்துடுச்சு. "ஐயா, டீசல் விக்கிற விலையில, இனிமே நிஜமா எரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க"ன்னார் அதோட டிரைவர்.

உங்க அக்கா உடனே புகை போன கீழ்வீட்டில் வருத்தம் தெரிவிக்கப் போனா. அங்கே ஆட்டோக்காரர் குடும்பம். நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம் இருக்கிற அவர் பொண்ணு, பகல் பதினோரு மணிக்கு வீட்டில் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தது.

"பொண்ணு ஏன் படிக்கப் போகலை?"ன்னு ஆட்டோக்காரரைக் கேட்டா.

"நிறுத்திட்டேன்க்கா. பஸ் டிக்கெட்டும் ஏறிடுச்சு. பாதி நாள் வண்டி காலியா சுத்துது, பெட்ரோல்தான் எரியுது."

"நிறுத்துறதுக்கு அவ என்ன இன்ஜினா?"

இவ்வளவுதான் கேட்டா, மச்சான். அங்கிருந்து நேரா ரெண்டு மாடி ஏறி, தையல்காரம்மா கதவைத் தட்டினா. நான் பின்னாடியே ஓடினேன், சண்டையை விலக்க. "நாளையிலிருந்து மூணு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. சிலிண்டர் மாத்தி மாத்தி. உப்பு பார்க்க ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?" "ஏழு வருஷத்துக்கு முன்னாடியே உங்க சமையல்ல உப்பு தூக்கல்தான்"னு சொல்லிக்கிட்டே அந்தம்மா செருப்பை மாட்டினாங்க.

இப்போ காலையில ஆட்டோ ஒரே சவாரி. பொண்ணை ஆஸ்பத்திரியில விட்டு, தையல் மூட்டையைக் கடையில இறக்கி, மூணு வீட்டுக் காய்கறியோட திரும்புது. பெட்ரோல் மூணு வீட்டுப் பொறுப்பு. சோறு ஒரு கொதி வந்ததும் உங்க அக்கா அடுப்பை அணைச்சு, பானையை என் கம்பளியில சுத்தி வெச்சிடறா. அரைமணியில அதுவா வெந்து நிக்குது. பானைக்குப் போர்வை இருக்கு, எனக்குத்தான் ஜலதோஷம்.

முதல் நாள் காய்கறி வாங்க நானும் ஏறியிருந்தேன். பொண்ணு வெள்ளை யூனிஃபார்மில் ஏறி உட்கார்ந்ததும், ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பாமல் ஹேண்டிலையே பார்த்துக்கிட்டு இருந்தார். கண்ணு கலங்கி இருந்தது. உங்க அக்கா அதைப் பார்க்காத மாதிரி, "கிளம்புங்க அண்ணே. மூட்டைக்கு இடம் போதலைன்னா எங்க வீட்டுக்காரரை இறக்கி விட்டுடுங்க"ன்னா. இறங்கினேன். முப்பத்தஞ்சு வருஷம் கூடவே குடித்தனம் பண்ணியும், என் வீட்டுல இருக்கிறது யாருன்னு தெரியாமலே இருந்திருக்கேன், மச்சான்.

இருந்தாலும் மூன்று வீட்டு வெங்காயத்தையும் நான் ஒருவனே உரிப்பதால், விலை விரைவில் குறையத் தாங்களும் வேண்டிக்கொள்ளவும். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவின்றி வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
கண்ணீருடன் (வெங்காயம்),
அத்தான்

பின்குறிப்பு: வேண்டிக்க வேண்டாம். விலை குறைஞ்சிடுச்சுன்னு இன்னைக்குப் பேப்பர்ல போட்டிருக்கான். தெரிஞ்சா உங்க அக்கா அவங்கவங்க அடுப்புக்குப் போகச் சொல்லிடுவாளோன்னு, நானும் தையல்காரம்மாவும் பேப்பரை ஒளிச்சு வெச்சிட்டோம். போன்ல நீங்க மூச்சு விடாதீங்கன்னு எழுதறதுக்குள்ள ஆட்டோக்காரர் வந்து காதுல சொல்றார்: பெட்ரோல் பங்க்ல கேட்டுட்டு வந்து நேத்தே உங்க அக்காகிட்ட சொல்லிட்டாராம். "மேல யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணே, பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்"னாளாம்.